தினம் ஒரு ஃப்ராக்டல்: எந்த மென்பொருளை எடுப்பது?

ஃப்ராக்டல் என்பது ஒரு சின்னக் கணித விதியிலிருந்து வரும் வடிவம்; பெரிதாக்கப் பெரிதாக்க உள்ளே நுணுக்கம் விரிந்துகொண்டே போகும். தினமும் ஒரு ஃப்ராக்டல் படம் உருவாக்கி நிறம் கொடுத்து முடிப்பது என்று இறங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்பதுதான். எது அதிக ஆழத்துக்கு ஜூம் செய்யும், எதில் அதிக சூத்திரங்கள் இருக்கின்றன என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு படம் செய்து சுவரில் மாட்டுபவருக்கு அந்தக் கணக்கு சரி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் கிடைக்கும் அரைமணி, முக்கால்மணியில் ஒரு படத்தை முடிக்க நினைப்பவர் வேறொன்றைப் பார்க்க வேண்டும். நிறத்தை மாற்றினால் அது திரையில் தெரிய எவ்வளவு நேரம் ஆகிறது?

இதை நான் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் பாதிக்கு மேல் நிற வேலைதான். ஃப்ராக்டல்களில் மிகவும் பெயர்பெற்றது மாண்டல்பிராட் கணம். அதன் விதி ஒரு வரியில் அடங்கும்: ஓர் எண்ணை வர்க்கப்படுத்து, மாறாத ஓர் எண்ணைக் கூட்டு, வந்த விடையை மறுபடி வர்க்கப்படுத்து. 1980இல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் பெனுவா மாண்டல்பிராட் பார்த்த அதே வடிவம்தான் இன்றைக்கும் உங்கள் திரையில் வரும். அவர் அன்று பார்த்த அச்சு கறுப்பு வெள்ளை. அந்த விதியில் நிறம் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் அந்த எண் எத்தனை சுற்றில் எல்லை தாண்டி ஓடுகிறது என்று நிரல் எண்ணுகிறது. அந்த எண்ணிக்கைக்கு எந்த நிறம் என்று தீர்மானிப்பது நாம்.

எண்ணுவதுதான் கணினிக்குப் பாரமான வேலை. எண்ணி முடித்ததை ஒரு நிறப்பட்டையில் பொருத்துவது கண்ணிமைக்கும் நேரம். ஆகவே, எண்ணியதை நினைவில் வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றவிடும் மென்பொருள் ஒரு பக்கம். நிறத்தைத் தொட்டாலே முதலிலிருந்து வரைய ஆரம்பிக்கும் மென்பொருள் இன்னொரு பக்கம். தினசரிப் பழக்கத்துக்கு இந்தப் பிரிவுதான் முதன்மை.

பழையதிலிருந்து தொடங்குகிறேன். ஃப்ராக்டின்ட் 1988இல் பெர்ட் டைலர் எழுதிய நிரலில் பிறந்தது. அந்தக் காலத்து 386 கணினிகள் பலவற்றில் தசமக் கணக்குக்கான தனிச் சில்லு இருக்காது என்பதால், எல்லாவற்றையும் முழு எண்களிலேயே போட்டு வேகம் எடுத்தார்கள். பெயரின் பின்பாதியான 'இன்ட்' (இன்டிஜர், முழு எண்) அதைத்தான் குறிக்கிறது. டாஸ் காலத்துச் சரக்கு, 256 நிறம். ஆனால் அந்த 256 நிறமும் ஒரு பேலட்டாக, அதாவது நிறப்பட்டியலாக, தனியே நிற்பதால், படத்தைத் தொடாமல் பேலட்டை மட்டும் சுழற்றலாம். '+' விசையைத் தட்டினால் படம் முழுக்க நிறம் ஓட ஆரம்பிக்கும். பிடித்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். படத்தைச் சேமித்தால், அதை மறுபடி உருவாக்கத் தேவையான எண்களும் அதே கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய டாஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸில் இன்றைக்கும் ஓட்டலாம். ஐட்டரேட்டட் டைனமிக்ஸ் என்ற பெயரில் அதன் வாரிசு விண்டோஸுக்கும் இருக்கிறது.

ஃப்ராக்டின்டில் எல்-சிஸ்டம் என்றொரு வகை உண்டு. செடிகள் வளரும் விதத்தை எழுதுவதற்காக 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் வகுத்த முறை அது: ஒரு குறியை எடுத்து, விதிப்படி அதன் இடத்தில் நீண்ட குறிவரிசையை வைத்துக்கொண்டே போவது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிரிதிவாசனும் 1974இல் நம் வாசல் கோலங்களை இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். கிருஷ்ணனின் கொலுசைக் குறிக்கும் கம்பிக்கோலத்துக்கு எல்-சிஸ்டத்தில் அப்படி ஒரே ஒரு விதி போதும். ஃப்ராக்டின்டில் அதைத் தட்டிப் பார்க்கலாம், வரும். நிறத்துக்கு இதில் பெரிய வேலை இல்லை. கோலம் போடும் கை உள்ளவர்களுக்கு இது நல்ல வாசல் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் இன்று புதிதாகத் தொடங்குபவரை நான் ஃப்ராக்டின்டுக்கு அனுப்ப மாட்டேன். 256 நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரியும் படம் கைபேசித் திரையிலேயே பழசாகத் தெரிகிறது. அவர் போக வேண்டிய இடம் ஸாவோஸ். 1996இல் யான் ஹுபிச்காவும் தாமஸ் மார்ஷும் உருவாக்கிய இலவச மென்பொருள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். சுட்டியின் இடது பொத்தானை அழுத்திப் பிடித்தால் படம் நம்மை உள்ளே இழுத்துக்கொண்டே போகும், நிற்காது. முந்தைய சட்டகத்தில் கணக்கிட்ட கிடைவரிசைகளையும் செங்குத்து வரிசைகளையும் தூக்கி எறியாமல் அடுத்ததற்கும் பயன்படுத்துவதுதான் அதன் சூட்சுமம். பழைய லேப்டாப்பிலும் வழுக்கிக்கொண்டு போகும். 'பி' தட்டினால் புதுப் பேலட், 'ஒய்' தட்டினால் நிறம் சுழலும், 'ஏ' தட்டினால் அதுவே வழி தேடிப் போகும்.

கண்ணைப் பழக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. கடற்குதிரைப் பள்ளத்தாக்கு எங்கே, யானைப் பள்ளத்தாக்கு எங்கே, இடப்பக்கம் நீளும் ஊசியில் −1.75க்குப் பக்கத்தில் குட்டி மாண்டல்பிராட் எப்படி ஒளிந்திருக்கிறது என்பதெல்லாம் ஸாவோஸில் சில மாலைகள் சுற்றினாலே கைக்கு வந்துவிடும். குறை என்னவென்றால் நிறம் வேகமாக மாறுகிறதே தவிர, அதில் உங்கள் தேர்வு குறைவு. மென்பொருள் நீட்டும் பேலட்டுகளில் பிடித்ததை எடுத்துக்கொள்கிறீர்கள். இந்த மூலையில் மட்டும் மஞ்சளைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமே என்று தோன்ற ஆரம்பித்ததும் அடுத்த கருவிக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அந்த அடுத்த கருவி, என் தேர்வில், அல்ட்ரா ஃப்ராக்டல். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃப்ரெடெரிக் ஸ்லைகர்மன் எழுதியது. விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். காசு கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் முதலில் சோதித்துப் பார்க்கலாம். இதில் ஒரு படத்துக்கு எப்படி நிறம் ஏறுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

மெய்ப்பகுதி (கிடைத்திசையில்) −0.7436, கற்பனைப்பகுதி (செங்குத்தாக) 0.1318 என்ற இடத்துக்குப் போங்கள். சில ஆயிரம் மடங்கு பெரிதாக்கினால் கடற்குதிரை வால்கள் சுருண்டு சுருண்டு திரையை நிரப்பும். கிரேடியன்ட் எடிட்டரை, அதாவது நிறப்பட்டையைத் திருத்தும் பலகையை, திறந்து நாலு புள்ளி வையுங்கள்: கருநீலம், மயில்பச்சை, மஞ்சள், வெள்ளை. மஞ்சள் புள்ளியைப் பிடித்து இடதுபக்கம் இழுத்தால், இழுக்க இழுக்கவே சுருள்களின் ஓரத்தில் மஞ்சள் அகலமாகும். காத்திருப்பே கிடையாது, ஏனென்றால் எண்ணிக்கை ஏற்கெனவே கையில் இருக்கிறது. இப்போது எல்லைக்குப் பக்கத்தில் பாருங்கள். பொடி தூவியது போல நிறங்கள் சிதறிக் கிடக்கும். அங்கே அடுத்தடுத்த புள்ளிகளுக்குள் சுற்று எண்ணிக்கை தாறுமாறாக ஏறுவதால், கிரேடியன்ட் ஒரு மில்லிமீட்டருக்குள் பலமுறை முழுச் சுற்று வந்துவிடுகிறது. நிற அடர்த்தியைக் குறைக்கலாம். அதைவிட நல்லது, எண்ணிக்கையை நிறமாக மாற்றும் சார்பை லாகரிதத்துக்கு வைப்பது: எண்ணிக்கை ஏற ஏற நிறம் மெதுவாக நகரும், பொடி அடங்கி, சுருளின் உள்மடிப்புகள் தனித்தனியாகத் தெரியும். புதிதாக வருபவர்களின் படங்கள் கண்ணை உறுத்துவதற்கு முக்கால்வாசிக் காரணம் இந்த ஒரு அமைப்பைத் தொடாமல் விடுவதுதான். நிறத்தேர்வைக் குறை சொல்லி இன்னும் பத்து நிறத்தைச் சேர்ப்பார்கள், உறுத்தல் கூடும்.

அடுத்து லேயர். அதே இடத்தை இன்னொரு லேயராக நகலெடுத்து, அதற்கு மட்டும் நிறமேற்றும் முறையை மாற்றலாம். சுற்று எண்ணிக்கைக்குப் பதிலாக, அந்த எண் ஓடும் பாதை ஒரு கோட்டுக்கோ வட்டத்துக்கோ எவ்வளவு அருகில் வந்து போனது என்பதை வைத்து நிறம் கொடுப்பது ஒரு முறை. கெர்ரி மிட்செல் வகுத்த முக்கோணச் சமனின்மை சராசரி இன்னொன்று. அது பட்டுநூல் இழைகளைப் போன்ற ஒரு மேற்பரப்பைத் தரும். அந்த லேயரை ஐம்பது சதவீதத்துக்கும் குறைவான அடர்த்தியில் வைத்து, கீழ்லேயரின் நிறத்தோடு பெருக்கினால், தட்டையாக இருந்த மஞ்சளுக்கு மடிப்பும் நிழலும் வந்துவிடும். சூத்திரங்களையும் நிறமுறைகளையும் பயனர்களே எழுதிப் பொதுத் தொகுப்பில் சேர்த்து வைத்திருப்பதால் இந்தச் சேர்க்கைகளுக்கு முடிவே இல்லை. ஒரே இடத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முழுக்க வேறு வேறு படம் செய்யலாம், ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

பட்டையா, வழவழப்பா என்பதிலும் முடிவெடுக்க வேண்டும். சுற்று எண்ணிக்கை முழு எண் என்பதால் இயல்பாக நிறம் படிப்படியாகத்தான் மாறும். எல்லை தாண்டிய தூரத்துக்கு லாகரிதம் எடுத்து ஒரு பின்னப் பகுதியைச் சேர்த்துக்கொண்டால் படிகள் மறைந்து நிறம் வழுக்கும். இப்போது எல்லாரும் வழவழப்பையே விரும்புகிறார்கள். எனக்கு, ஜூம் குறைவான படங்களில் பட்டைகள்தான் பிடிக்கும். வரைபடத்தின் உயரக்கோடுகள் போல அவை அந்த நிலத்தின் ஏற்றத்தைக் காட்டுகின்றன.

ஆழம்தான் ஆசை என்பவர்களுக்குக் கால்லெஸ் ஃப்ராக்டாலர். சாதாரணக் கணினித் துல்லியம் ஏறக்குறைய 10இன் 14ஆம் அடுக்கு மடங்கு ஜூமில் தீர்ந்து, படம் கட்டம் கட்டமாக உடையும். 2013இல் கே. ஐ. மார்ட்டின் காட்டிய வழி, ஒரே ஒரு புள்ளியை மட்டும் நூற்றுக்கணக்கான இலக்கத் துல்லியத்தில் கணக்கிட்டு, மற்ற புள்ளிகளை அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று சாதாரணத் துல்லியத்தில் கணக்கிடுவது. அதன்பின் ஆழ ஜூம் வீட்டுக் கணினிக்கு வசப்பட்டது. கால்லெஸ் எண்ணிக்கையைச் சேமித்து வைக்கிறது, நிறம் உடனே மாறும். ஆனால் அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கணக்கிடவே ராத்திரி முழுக்க ஆகலாம். வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அல்லது சனிக்கிழமை ஓரிடத்தைக் கணக்கிட்டு, வாரநாட்களில் அதற்கே நிறம் மாற்றி மாற்றிப் பாருங்கள்.

அபோஃபிசிஸ் வேறு உலகம். 1992இல் ஸ்காட் டிரேவ்ஸ் உருவாக்கிய ஃபிளேம் முறையை விண்டோஸுக்குக் கொண்டுவந்து, பொதுமக்கள் கைக்குக் கொடுத்தவர் மார்க் டவுன்சென்ட். இலவசம். இதில் இருக்கும் இடத்தைத் தேடிப் போவதில்லை, வடிவத்தையே நீங்கள் உண்டாக்குகிறீர்கள். எடிட்டரைத் திறந்தால் முக்கோணங்கள். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு மாற்றம்: சுருக்கும், திருப்பும், நகர்த்தும். ஒரு புள்ளி இந்த மாற்றங்களில் ஏதோ ஒன்றின் வழியாகத் தாவிக்கொண்டே இருக்கும். கோடிக்கணக்கான தாவல்களுக்குப் பின், அது அடிக்கடி விழுந்த இடங்கள் பிரகாசமாகவும் மற்றவை மங்கலாகவும் புகைபோல எழும். ஒரு முக்கோணத்தின் முனையை நகத்தளவு நகர்த்தினாலே, முன்னோட்டத்தில் இறகாக இருந்தது சங்காக மாறிவிடும்.

நிறமும் இங்கே வேறு மாதிரி ஏறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிரேடியன்டில் ஓர் இடம் உண்டு. புள்ளி தாவும்போதெல்லாம் அதன் நிறம் அந்த இடத்தை நோக்கிக் கொஞ்சம் சாயும். ஆகவே ஒரு இழையின் நிறம், புள்ளி எந்தெந்த வழியாக அங்கே வந்தது என்பதைச் சொல்லிவிடும். இது மிக அழகான யோசனை. எல்லை தாண்டும் முறையில் இதற்கு ஈடே இல்லை. ஆனால் நம் கேள்விக்கு வருவோம்: நிறம் தாவல்களோடு கலந்து சேர்வதால், கிரேடியன்டை மாற்றினால் மறுபடி வரைய வேண்டும். சின்ன முன்னோட்டம் உடனே வரும், ஆனால் அது புள்ளிபுள்ளியாக இரைச்சலோடு இருக்கும். இறுதிப் படத்துக்குத் தாவல்களின் எண்ணிக்கையை ஏற்றி ரெண்டர் செய்தால், அதாவது முழு அளவில் வரையவிட்டால், அளவைப் பொறுத்துச் சில நிமிடங்களிலிருந்து சில மணிநேரம் வரை போகும். முன்னோட்டத்தை நம்பி முடிவெடுக்கும் தைரியம் வந்தால்தான் அபோஃபிசிஸ் தினசரிக்கு ஒத்துவரும். அந்தத் தைரியம் பழகப் பழக வரும்.

லினக்ஸோ மேக்கோ வைத்திருப்பவர்கள் ஜேவைல்டுஃபயரை எடுக்கலாம். ஆண்ட்ரியாஸ் மாஷ்கே ஜாவாவில் எழுதிய இலவச மென்பொருள். வசதிகள் அபோஃபிசிஸைவிட எத்தனையோ மடங்கு அதிகம். முதல்முறை திறப்பவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரிதான் இருக்கும். ஃபிளேம் முறையைக் கற்க அபோஃபிசிஸ், அதில் ஊறியபின் ஜேவைல்டுஃபயர் என்ற வரிசையைத்தான் நான் சொல்வேன்.

முப்பரிமாணத்தில் இரண்டு பெயர்கள்: மாண்டல்பல்பர், மாண்டல்பல்ப் 3டி. 2009இல் டேனியல் வைட்டும் பால் நைலாண்டரும் கண்டடைந்த மாண்டல்பல்ப் வடிவத்துக்குப் பின் வந்தவை இவை. எட்டாம் அடுக்கில் வரும் அந்தக் காலிஃபிளவர்ப் பாறையைப் பார்த்தவுடன் எல்லாருக்கும் ஆசை வரும். இங்கே நிறம் என்பது பெரிதும் வெளிச்சம்தான்: விளக்கு எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு அடர்த்தி, பனிமூட்டம் எங்கே தொடங்குகிறது. போலந்தின் கிரிஷ்டோஃப் மார்ச்சாக் எழுதும் மாண்டல்பல்பர் இலவசம். கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தும், கார்டு இருந்தால் வேகம். சாதாரண லேப்டாப்பில் விசிறி அலறும், படம் நகராது. மாண்டல்பல்ப் 3டியில் நம் கேள்விக்கு நல்ல பதில் இருக்கிறது. வடிவத்தை ஒருமுறை கணக்கிட்டு முடித்துவிட்டால், விளக்கையும் நிறத்தையும் மறுகணக்கு இல்லாமலே மாற்றலாம். அதனால் கார்டு இல்லாதவர்கள் முப்பரிமாணத்துக்குப் போவதென்றால் இதைத்தான் முதலில் தொட வேண்டும். ஆனாலும் தினம் ஒன்று என்பது முப்பரிமாணத்தில் கடினம். கேமராவை நல்ல கோணத்தில் நிறுத்தவே மாலை போய்விடும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி, பைத்தானில் தானே எழுதுவது. நம்பை என்ற கணக்கு நூலகத்தில் பத்துப் பதினைந்து வரி போதும். கணக்கிட்ட எண்ணிக்கையை ஒரு கோப்பாகச் சேமித்துவிடுங்கள். பிறகு எந்தப் பேலட்டை வேண்டுமானாலும் நொடியில் போட்டுப் பார்க்கலாம். மேட்பிளாட்லிப் என்ற படம் வரையும் நூலகத்தில் ட்வைலைட் என்ற பேலட் தொடங்கிய நிறத்திலேயே முடிவதால், நிறச் சுழற்சிக்குத் தையல் தெரியாமல் பொருந்தும். எடிட்டரில் இழுத்து விளையாடும் சுகம் இதில் இல்லை. ஆனால் அந்த எண்கள் உங்கள் கையில் இருக்கும். −0.75 என்ற இடுக்கில், கற்பனைப்பகுதியை 0.01 என்று வைத்து எண்ணிப் பாருங்கள்: ஏறக்குறைய 315 சுற்று. 0.001 என்று வையுங்கள்: ஏறக்குறைய 3143. பை வருகிறது! 1991இல் டேவ் போல் என்பவர் கவனித்தது இது. நாம் நீலமாகவும் மஞ்சளாகவும் மாற்றுவது இதே எண்ணிக்கையைத்தான் என்று தெரிந்தபின், படத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது.

கைபேசிச் செயலிகள் பேருந்தில் பொழுதுபோகும். துல்லியம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அச்சுக்கு ஆகாது.

அச்சு என்றதும் ஒரு கணக்கு. ஏ3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3508க்கு 4961. முழு எச்டி திரையைப்போல எட்டு மடங்குக்கும் மேல். திரையில் பத்து நொடியில் வந்த படம் அங்கே ஒன்றரை நிமிடம் எடுக்கும், ஓரங்களை வழவழப்பாக்கும் வசதியைப் போட்டால் அதற்கும் மேல். அதனால் தினமும் பெரிய அளவில் ரெண்டர் செய்யாதீர்கள். எந்த மென்பொருளை எடுத்தாலும் படத்தோடு அதன் அளவுருக் கோப்பையும் (இடம், சூத்திரம், நிறம் எல்லாம் எண்களாக இருக்கும் கோப்பு) சேமியுங்கள். சில கிலோபைட்தான். அது இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எந்த அளவிலும் மறுபடி எடுக்கலாம். படம் மட்டும் இருந்தால் அந்த இடத்துக்குத் திரும்பிப் போக வழியே இல்லை.

ஆக, என் முடிவு இப்படி. எல்லாரும் முதலில் ஸாவோஸ். இடங்கள் பழகியபின், மாலையில் உங்கள் கை தானாக எங்கே போகிறது என்று பாருங்கள். இன்னும் உள்ளே, இன்னும் உள்ளே என்று போகிறதா, கால்லெஸ் உங்களுக்கு. இந்த வடிவத்தையே வளைக்க முடியுமா என்று தோன்றுகிறதா, அபோஃபிசிஸ். ரெண்டரைத் தூங்கப் போகும்போது ஓடவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் பொறுமையும் இருந்தால் மாண்டல்பல்பர், ஆனால் வாரம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காசு செலவழிக்க வழியில்லை, நிறமும் விடவில்லை என்றால் பைத்தான். அல்ட்ரா ஃப்ராக்டலுக்குக் காசு கொடுக்கும் முன் சோதனைக் காலத்தை முழுக்கப் பயன்படுத்துங்கள். அந்த நாட்களில் ஜூமைவிட கிரேடியன்ட் எடிட்டரில் நீங்கள் அதிக நேரம் இருந்திருந்தால், தயங்காமல் வாங்கலாம்.